சர்டிபிகேட்டை வாடகைக்கு விடலாமா?

வணக்கம் சார். மகளை மருந்தாளுநர் படிப்பில் டி.பார்ம் (டிப்ளமோ) சேர்ப்பதா, பி.பார்ம் (பட்டப்படிப்பு) சேர்ப்பதா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்வது சுலபம். ஆனால் கடிதத்தில் போகிறபோக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: "கல்யாணம் ஆகி வேலைக்குப் போகாவிட்டாலும், சர்டிபிகேட்டை ஏதாவது மெடிக்கல் ஷாப்பில் போட்டு வைத்தால் மாசாமாசம் ஒரு தொகை வரும் என்கிறார்கள்." முதலில் அதைப் பேசிவிடுவோம்.

உங்களுக்கு யோசனை சொன்னவர் பொய் சொல்லவில்லை, அப்படி நடக்கத்தான் செய்கிறது. கடை லைசென்ஸில் உங்கள் மகள் பெயர் இருக்கும், சுவரில் அவருடைய பதிவுச் சான்றிதழ் தொங்கும், மாத்திரை எடுத்துக் கொடுப்பது பத்தாவது முடித்த பையன். மருந்து ஆய்வாளர் வந்து கேட்டால் "பார்மசிஸ்ட் சாப்பிடப் போயிருக்காங்க" என்பார்கள். சில கடைகளில் பார்மசிஸ்ட் வருஷக்கணக்காகச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்!

1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி, மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் வேலை, அல்லது அவர் நேரில் பார்த்துக்கொண்டிருக்க நடக்க வேண்டிய வேலை. கூடுதல் கட்டுப்பாடு உள்ள ஹெச்1 பட்டியல் மருந்துகளுக்கு 2014 முதல் தனிப் பதிவேடும் உண்டு: எழுதிக் கொடுத்த மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு எல்லாம் குறித்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அல்பிரசோலம் போன்ற பழக்கமாகிவிடும் மாத்திரைகளும் வீரியமான ஆன்டிபயாட்டிக்குகளும் அதில் வரும். சீட்டே இல்லாமல் காலேஜ் பையன்களுக்கு அந்த மாத்திரை போய், விஷயம் போலீஸ் வரை வந்தால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கும்? மாநில பார்மசி கவுன்சில் பதிவிலிருந்து பெயரை நீக்கிவிட்டால், படித்த படிப்பை வைத்துக்கொண்டு கடையில் மருந்து கொடுக்கவே முடியாது.

இது மருந்துக்கடையோடு போகிற விஷயமில்லை. எந்தத் தொழிலிலும் பெயரும் கையெழுத்தும் கொடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆடிட்டர் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு சான்றுக்கும் 2019 முதல் 18 இலக்க எண் உண்டு, வங்கிக்காரர் இணையத்திலேயே சரிபார்த்துவிடலாம். 2014-இல் சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, உரிமையாளரோடு பொறியாளர்களும் கைதானார்கள்.

"சரி, கம்பெனி வேலைக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லையே" என்று நினைக்காதீர்கள். அங்கே யாரும் சர்டிபிகேட்டை வாடகைக்குக் கேட்க மாட்டார்கள். செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதச் சொல்வார்கள், நேற்றைய தேதி போடச் சொல்வார்கள். ரான்பாக்ஸி என்ற இந்திய மருந்து நிறுவனத்தின் கதை இதுதான். மருந்துச் சோதனைத் தரவுகளில் நடந்த தில்லுமுல்லை அங்கே வேலை பார்த்த பொறியாளர் தினேஷ் தாக்கூர் அமெரிக்க அரசிடம் கொண்டுபோனார். 2013-இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. தாக்கூருக்குச் சட்டப்படி பெரிய தொகை கிடைத்தது, ஆனால் அவர் வேலையை விட்டு எட்டு வருஷம் கழித்து. எல்லோருக்கும் அப்படி அமையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாட்டேன் என்று சொல்லும் பிள்ளைக்குக் கையில் சில மாதச் சம்பளம் சேமிப்பாக இருந்தால், சொல்லத் தைரியம் வரும்.

மெடிக்கல் ஷாப்பில் ஆரம்பச் சம்பளம் குறைவு என்பது உண்மை. வாடகைப் பழக்கம் வளர்ந்ததே அதனால்தான். ஆகவே மகளுக்குக் கடை மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். பணம் நெருக்கடி என்றால் இரண்டு வருஷ டி.பார்ம் படிக்கட்டும். பிறகு பி.பார்ம் இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரலாம். அரசு மருத்துவமனை மருந்தாளுநர் வேலைக்கு டி.பார்ம் போதும். கம்பெனியில் தரக் கட்டுப்பாடு, மருந்துப் பக்கவிளைவு கண்காணிப்பு என்று போக ஆசைப்பட்டால் பி.பார்ம் வேண்டும். பக்கவிளைவு கண்காணிப்பில் சில நிறுவனங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கவும் விடுகின்றன, நீங்கள் கல்யாணக் கவலையைச் சொன்னதால் சொல்கிறேன். எந்தக் கல்லூரியானாலும் இந்திய பார்மசி கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அது இல்லையென்றால் படித்து முடித்தும் பதிவு கிடைக்காது.

படித்து முடித்து ஒரு கடையில் சேர்ந்தால், லைசென்ஸில் பெயர் போடுவதற்கு முன் வேலை நேரம் என்ன என்று மகளே கேட்கட்டும். "நீ வரவே வேண்டாம்மா" என்றால் எழுந்து வந்துவிடலாம். அசல் சான்றிதழைக் கடைக்காரரிடம் ஒப்படைக்க வேண்டாம். அப்புறம், வேலையை விடும்போது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத்தில் தெரிவித்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.