மெல்பேர்ன் மரையும் மச்சானின் கோபமும்

அன்புள்ள அண்ணா,

என் மச்சான் ஒருவர் மெல்பேர்னில் இருக்கிறார். லைசன்ஸ் எடுத்து, சனி ஞாயிறுகளில் காட்டுக்குப் போய் மரை என்ற பெரிய மானைச் சுடுகிறார். "இங்க இது வெளியில இருந்து வந்த மிருகம், காட்டை நாசமாக்குது. சுடுறது காட்டுக்குச் செய்யிற உதவி" என்பார். போன மாதம் பேசும்போது ஒரே கோபம். அரசாங்கம் ஹெலிகொப்டரில் ஆள் வைத்து மரை சுடுகிறதாம், அநியாயமாம். காட்டுக்கு உதவிதானே, யார் சுட்டால் என்ன என்று கேட்டேன். கதையை மாற்றிவிட்டார். இதை எப்படி விளங்கிக்கொள்வது? இன்னொன்று, எங்கள் பக்கம் சோளச் சேனையைப் பன்றி விட்டுவைப்பதில்லை. அங்கே போல இங்கேயும் வேட்டைக்கு லைசன்ஸ் கொடுத்தால் பன்றி குறையும்தானே?

சி., வெல்லாவெளி

அன்புள்ள சி.,

மச்சான் இரண்டு தடவையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அவர் இருக்கும் மாநிலத்தின் சட்டமே அப்படித்தான் இருக்கிறது. விக்டோரியாவில் மரை, பாதுகாக்கப்பட்ட வேட்டை விலங்கு. பொதுக்காட்டில் லைசன்ஸ் இல்லாமல் சுட்டால் குற்றம். அதே மாநிலம்தான் 2007இல், மரையால் அந்த மண்ணுக்கே உரிய தாவரங்கள் அழிவதை இயற்கைக்கு ஓர் அச்சுறுத்தல் என்று பட்டியலிட்டது. ஒரு சட்டம் காக்கிறது, இன்னொரு சட்டம் குற்றஞ்சாட்டுகிறது. நடுவில் துவக்கோடு நிற்கிறார் உங்கள் மச்சான்.

மரை அங்கே தானாகப் போகவில்லை. 1860களில், குடியேறிய வெள்ளைக்காரர் வேட்டையாட வேண்டும் என்பதற்காகவே இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுபோய் விட்டார்கள். நியூசிலாந்தின் மானவாட்டுப் பகுதியில் 1875 அளவில் விட்ட சோடியும் நம் நாட்டு மரைதான். இங்கே மரைக்குப் பின்னால் சிறுத்தை திரிகிறது. அங்கே பெரிதாக யாரும் இல்லை, மச்சானைத் தவிர. ஆகவே பெருகிவிட்டது. கொம்பைத் தேய்த்துத் தேய்த்து மரப்பட்டையை உரிக்கிறது, மலைச் சதுப்புகளில் புரண்டு சேறாக்குகிறது. நாசம் என்று அவர் சொன்னதில் பிழை இல்லை.

ஆனால் அங்கே பரம்பரையாக வேட்டைக்குப் போகும் குடும்பங்களுக்கு மரை ஒன்றும் வந்தேறி இல்லை. தாத்தா சுட்டது, அப்பா சுட்டது, நாளைக்கு மகனும் சுட வேண்டியது. புதிதாகப் போய்ச் சேருகிறவருக்கும் அந்த மனசு சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும். மரை குறைய வேண்டும் என்பார்கள், முடிந்துபோக வேண்டும் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஹெலிகொப்டரோ அவர்கள் விரும்புவதைவிட அதிகமாகக் குறைக்க வருகிறது. போதாததற்கு, மேலே இருந்து சுட்ட இறைச்சி பெரும்பாலும் காட்டிலேயே கிடந்து அழுகும். அதைப் பார்த்து வரும் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

வேட்டைக்கு மிருகம் எப்போதும் இருக்க வேண்டும் என்ற இந்த ஆசை எதுவரை போகும் என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு கதை உண்டு. டென்னசி மாநிலத்தில் காட்டுப்பன்றி தொல்லை என்று, 1999இல் மாநிலம் முழுக்க வேட்டையைத் திறந்துவிட்டார்கள். எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். பன்றி குறையவில்லை, அதுவரை பன்றியே இல்லாத மாவட்டங்களிலும் தலைகாட்டியது. தங்கள் ஊரிலும் வேட்டை வேண்டும் என்று சிலர் களவாக ஏற்றிக்கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். 2011இல் பன்றியை வேட்டை விலங்கு என்ற நிலையிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

மற்றது ஹவாய். அங்கே சில தீவுகளில் நம் புள்ளிமான் 19ஆம் நூற்றாண்டிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. பெரிய தீவு என்று சொல்லும் ஹவாய்த் தீவில் அது இருக்கவில்லை. 2009இல் மாவுயி தீவிலிருந்து சில மான்களை ஹெலிகொப்டரில் தூக்கிப்போய் அங்கே இறக்கினார்கள். பதிலுக்கு அங்கிருந்து காட்டுச் செம்மறி மாவுயிக்கு வந்தது. இரண்டுமே வெளியிலிருந்து வந்த மிருகம். வேட்டைக்காகப் பண்டமாற்று! விஷயம் வெளியில் வந்து கோர்ட் வரை போனது.

வேட்டைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. திலாப்பியா ஆபிரிக்க மீன். 1952இல் கொண்டுவந்து நம் குளங்களில் விட்டார்கள். இன்றைக்கு உன்னிச்சைக் குளத்துக்குப் போய், இது வந்தேறி மீன், அழிக்கப்போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். உங்களைத்தான் குளத்தில் தள்ளுவார்கள். எனக்கும் திலாப்பியாப் பொரியல் பிடிக்கும், நான் தள்ளுகிறவர்களோடுதான் நிற்பேன்.

சரி, உங்கள் பன்றி. அது இந்த மண்ணின் மிருகம், மச்சானுடைய மரைக் கணக்கு இதற்குப் பொருந்தாது. சேனைக்காரனுக்குப் பன்றி தன் சேனைக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான். காட்டில் எத்தனை நின்றாலும் அவனுக்குக் கவலையில்லை. வேட்டைக்குப் போகிறவனுக்கு இறைச்சி வேண்டும், அடுத்த வருசமும் வேண்டும். இந்த இரண்டு பேரையும் ஒரே லைசன்ஸில் கட்டினால் யார் சொல்வது நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். விளைச்சல் காலத்தில் பரணில் கண்முழிக்கிறவன் தன் பயிரைக் காப்பாற்றுவதற்கு நான் எதிரில்லை. கட்டுத்துவக்கும் (மிருகம் தட்டினால் தானாக வெடிக்கும்படி கட்டிவைக்கும் துவக்கு) ஹக்கபட்டாஸும் (இரைக்குள் ஒளித்துவைக்கும் வெடி) வேண்டவே வேண்டாம். ஒன்று விறகுக்குப் போகிறவரின் காலைப் பார்க்கும், மற்றது யானைக்கன்றின் வாயைக் கிழிக்கும்.

அமெரிக்காவில் இப்போது அதிகம் நம்புவது பட்டி போன்ற பெரிய கூண்டை. சில நாள் சோளம் போட்டுப் பழக்குகிறார்கள். கூட்டத்தில் கடைசிப் பன்றியும் உள்ளே வந்த பிறகுதான் கதவு விழும். ஒன்றைச் சுட்டால் மிச்சம் சிதறி உஷாராகிவிடும், அடுத்த தடவை கூண்டுப் பக்கமே வராது. உங்கள் பக்கம் நாலைந்து சேனைக்காரர் செலவைப் பிரித்துப் போட்டால் முடியாத காரியம் இல்லை. முதலில் வனஜீவராசிகள் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.