கூரியரில் வந்த 12 கோழி முட்டைகளை இன்குபேட்டரில் வைத்தேன், 21 நாள் ஆகியும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

இருக்கலாம். ஆனால் அந்த 12 முட்டைகளையும் உடைத்துப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நானும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு முன்பே விற்றவருக்கு நாலு வரி சூடாக எழுதி, ஒற்றை நட்சத்திரமும் போட்டுவிட்டு, மறுநாளே அசிங்கப்பட்டவன் நான். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பண்ணைக்காரன் இல்லை, மொத்தமே இரண்டு முறை வைத்தவன். "இதற்கெல்லாம் மெஷின் எதற்கு, ஒரு அடைக்கோழி போதாதா" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: தெரியும். அடைக்கோழி என்னைவிடவும் என் மெஷினைவிடவும் கெட்டிக்காரி. என்னிடம் இருந்த இரண்டு பெட்டைகளும் முட்டையிட்டுக் கொக்கரித்துவிட்டு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காத ரகம், நான் என்ன செய்ய?

முதல் முறை பெட்டி வந்ததும் பிரித்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் மெஷினுக்குள் படுக்க வைத்துவிட்டேன். திரையில் 37.5 காட்டியது. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை கையால் திருப்பினேன். 18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன். உள்ளே கரு வளர்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவில்லை, முட்டைக்கு ஆகாது என்று எங்கோ படித்ததை நம்பினேன் (தப்பு, ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றும் ஆகாது). 21ஆம் நாள் எதுவும் இல்லை. 22ஆம் நாள் மாலை வரை எதுவும் இல்லை. தங்கை சொன்னாள், "அண்ணா, இன்னும் ரெண்டு நாள் விட்டுத்தான் பாரேன்." நான் கேட்கவில்லை. எல்லாம் கூமுட்டை, கடையில் விற்கிற முட்டையைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டான் என்று முடிவு கட்டி, ஸ்விட்சை அணைத்துவிட்டு, அந்தச் செய்தியை அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் குப்பையில் போட எடுத்தபோது ஒன்று கைதவறிக் கீழே விழுந்தது. உள்ளே குஞ்சு. இறகோடு, நகத்தோடு, முழுசாக. அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்தேன். நான்கில் முழுக்குஞ்சு இருந்தது. அதில் ஒன்று உள்சவ்வைக் கிழித்து, மூக்கைக் காற்றறைக்குள் (முட்டையின் அகலமான பக்கத்தில் காற்று நிற்கிற இடம்) நீட்டியிருந்தது. அதாவது முந்தின நாள் நான் அணைத்தபோது அது அநேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கும். இதை எழுதுவதற்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இரண்டைக் கொண்டுவந்து (ஒன்றை மட்டும் நம்ப மனம் வரவில்லை) மெஷினை மறுபடி ஓடவிட்டு நடுவில் வைத்துப் பார்த்தேன். திரையில் 37.5 என்று இருக்கும்போது இரண்டும் 36.5 பக்கம் காட்டின. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். 21 நாளும் அந்த ஒரு டிகிரி குறைந்தால் பொரிப்பது ஒரு நாளோ இரண்டு நாளோ தள்ளிப்போகும், வருகிற குஞ்சும் நோஞ்சானாக வரும். கூடினால் சீக்கிரம் பொரிக்கும், அது இன்னும் மோசம், கருவுக்குச் சூடு தாங்காது. 37.5 என்பதுகூட உள்ளே விசிறி ஓடும் மெஷினுக்குத்தான். விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக இருக்கும், அதில் முட்டையின் மேல்பக்க மட்டத்தில் அளந்து 38.5 அளவுக்கு வைக்க வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை.

மீதி எட்டில் ஐந்து வெறும் மஞ்சள் கரு, வளர்ச்சியே இல்லை. மூன்றில் ரத்த வளையம் போலக் காய்ந்து நின்றிருந்தது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: முட்டை எந்தக் கட்டத்தில் நின்றது என்று பார்க்காமல் யார் மேலும் பழி போட முடியாது. வெறும் மஞ்சள் கரு என்றால் சேவல் சேராத முட்டையாக இருக்கலாம், பழைய முட்டையாக இருக்கலாம் (இட்டு ஏழு நாள் தாண்டினால் பொரிக்கும் திறன் இறங்கிக்கொண்டே வரும்), வழியில் அடிபட்டதாகவும் இருக்கலாம். முதல் வாரத்தில் செத்திருந்தால் (ரத்த வளையம் என்றால் அதுதான்) பெரும்பாலும் பயணத்தின் வேலை, வண்டிக்குள் சூடேறிக் கரு லேசாக வளரத் தொடங்கி, மறுபடி குளிர்ந்து நின்றுபோவது உண்டு. ஆனால் முழுசாக வளர்ந்து கடைசி மூன்று நாளில் செத்திருந்தால் விற்றவரை விட்டுவிட்டு உங்கள் மெஷினை, உங்கள் தண்ணீரை, உங்கள் கையைப் பாருங்கள்.

விற்றவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க, நிறையப் பேருக்கு நடக்குது" என்று ஒரே வரி. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நட்சத்திரத்தை மாற்ற அந்தத் தளத்தில் வழியே இல்லை, இன்னும் அங்கேயே இருக்கிறது.

இரண்டாம் முறை அவரிடமே 12 வாங்கினேன். பெட்டியைக் கொண்டுவந்த ஆள் கேட்டுக்கு வெளியிலிருந்து தூக்கிப் போடாத குறை. மேலே சிவப்பு மையில் "முட்டை, மேல்பக்கம் இது" என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தது, அந்த அம்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்று நொறுங்கியிருந்தது, ஒன்றில் டார்ச் அடித்தால் மட்டும் தெரிகிற மயிரிழை விரிசல், அதையும் ஒதுக்கினேன். மீதி 10.

கூரியர் முட்டையில் முக்கியமான விஷயம் காற்றறை. முட்டையின் அகலமான பக்கத்தில் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே இருக்கும். பயணத்தில் குலுங்கிக் குலுங்கி உள்சவ்வு பிய்ந்துவிட்டால் அந்தக் காற்று ஓர் இடத்தில் நிற்காது. டார்ச் அடித்துக்கொண்டே முட்டையைச் சாய்த்தால் மேஸ்திரியின் ரசமட்டத்தில் குமிழி ஓடுகிற மாதிரி ஓடும். 10ல் நான்கில் அப்படி ஓடியது. கடைசியில் குஞ்சு முதல் மூச்சை இழுப்பது அந்த அறையிலிருந்துதான், அது இடம் மாறிக் கிடந்தால் குஞ்சு என்ன செய்யும்? அதனால் கூர்முனை கீழே, அகலப்பக்கம் மேலே என்று அட்டைத் தட்டில் நிறுத்தி, அறை வெப்பத்திலேயே 24 மணி நேரம் தொடாமல் வைத்தேன். கழுவவில்லை. முட்டை மேல் இருக்கிற மெல்லிய பூச்சுதான் கிருமி உள்ளே போகாமல் தடுப்பது, அழுக்கு என்று தேய்த்தால் அது போய்விடும்.

மெஷினுக்குள்ளும் படுக்க வைக்கவில்லை. அதே அட்டைத் தட்டின் அடியில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு நிற்கவைத்தே வைத்தேன். முதல் மூன்று நாள் அசைக்கவே இல்லை, அப்புறம் தட்டை ஒரு பக்கம் ஒரு கட்டை கொடுத்துச் சாய்ப்பது, சில மணி நேரம் கழித்து மறுபக்கம் சாய்ப்பது. மூன்று நாள் அசைக்காமல் விட்டது சரியா தப்பா என்று இங்கே யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நான் செய்ததைச் சொல்கிறேன். ஈரப்பதம் 45 சதவீதம் சுற்றி. அந்த மீட்டரையும் சும்மா நம்பவில்லை: ஒரு மூடியில் உப்பைப் போட்டு, லேசாக நனைத்து, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத கவரில் ஓர் இரவு வைத்தால் 75 காட்ட வேண்டும். என்னுடையது 81 காட்டியது. அந்த ஆறைக் கழித்துப் படித்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் டார்ச் அடித்தேன். இரண்டு வெறுமை, ஒன்றில் ரத்த வளையம், ஏழில் சிலந்தி வலை மாதிரி ரத்த நாளங்கள். 14ஆம் நாள் இன்னொன்று நின்றுவிட்டது. 18ஆம் நாள் ஆறு முட்டை, சாய்ப்பது நின்றது, ஈரப்பதம் 70க்கு ஏறியது, மூடியும் மூடப்பட்டது. தண்ணீரைக்கூடக் காற்று ஓட்டை வழியாக மெல்லிய குழாய் விட்டுத்தான் ஊற்றினேன்.

21ஆம் நாள் காலை வீட்டிலிருந்தே வேலை, மெஷின் என் மேசை மேல். வீடியோ மீட்டிங் நடுவில் உள்ளேயிருந்து "கீச்". என் மைக் திறந்திருந்தது. மேனேஜர் பேச்சை நிறுத்திவிட்டு, "ஆபீஸ் நேரத்தில் கொஞ்சம் சீரியஸாக இருக்கலாமே" என்றார். இதே மனிதர் இரவு எட்டு மணிக்கு மீட்டிங் வைத்து, தன் வீட்டு மிக்சி ஓட ஓட நாற்பது நிமிடம் பேசுவார், பேசியதையே அப்புறம் மெயிலிலும் அனுப்புவார், அது மட்டும் சீரியஸ். அந்த மெயிலை மட்டும் அனுப்பியிருந்தால் நாங்கள் 9 பேர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்போம். சரி, விடுங்கள்.

ஓட்டில் முதல் கொத்து விழுந்ததிலிருந்து குஞ்சு வெளியே வர 12 மணி நேரம் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம். உதவி செய்யக் கை பரபரக்கும். மூடியைத் திறந்தால் ஈரம் போய், உள்சவ்வு காய்ந்து, குஞ்சின் மேல் பிளாஸ்டிக் தாள் மாதிரி இறுகிப் பிடித்துக்கொள்ளும். இந்தத் தடவை தங்கை சொன்னதைக் கேட்டேன், மூடி மேல் அவள் டேப் ஒட்டியதால் கேட்டேன் என்பதுதான் உண்மை. முதல் குஞ்சு வந்து மற்றவைக்காகக் காத்திருந்தபோது பசிக்குமே என்று பதறினேன். மஞ்சள் கருவை உள்ளிழுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறது, இரண்டு நாள் தீனி இல்லாமல் தாங்கும்.

ஐந்து வந்தன. ஆறாவது கூர்முனைப் பக்கம் கொத்தி அப்படியே செத்துப்போனது, குமிழி ஓடிய நான்கில் அதுவும் ஒன்று. 12க்கு 5. கூரியர் முட்டைக்குப் பாதி வந்தாலே நல்ல கணக்கு என்பதால் எனக்கு வருத்தமில்லை. ஐந்தில் மூன்று சேவல் என்பது தனிக்கதை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முட்டைகளைத் தூக்கிப் போடவில்லை என்றால், மெஷினை இன்னும் அணைக்கவில்லை என்றால், 23ஆம் நாள் முடியும் வரை விடுங்கள். அதற்கு அப்புறம் வெளியே கொண்டுபோய், காற்று உங்கள் முகத்துக்கு எதிராக வீசாத பக்கம் நின்று, ஒவ்வொன்றாக மெதுவாக உடையுங்கள், அழுகியிருந்தால் வெடிக்கும். எத்தனை வெறுமை, எத்தனை வளையம், எத்தனை முழுக்குஞ்சு என்று எண்ணிக் கீழே எழுதுங்கள். விற்றவருக்கு எழுதுவதை அது வரைக்கும் தள்ளிப் போடுங்கள்.