ககி என்றால் சிப்பியா, திறப்பா?

வாசகர் கேள்வி – பதில்

ஜப்பானிய மொழியின் ஒலியெழுத்துகளான கனா (ஹிரகனா, வெளிநாட்டுச் சொற்களுக்குப் பயன்படும் கட்டகனா என இரண்டு தொகுதி) பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: ஹிரகனா எழுத்து ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழில் உச்சரிப்பை எழுதி வைத்துப் பாடமாக்குகிறேன். வகுப்பில் வாசித்தால் பிழை பிழையாக வருகிறது. எங்கே தவறுகிறேன்? – வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: பிழை அந்தத் தமிழ்க் குறிப்பில்தான். முதலில் அதை அழித்துவிடுங்கள். 'கல்' என்னும்போது வரும் ககரமும் 'தங்கை' என்னும்போது வரும் ககரமும் ஒரே ஒலி அல்ல. எழுத்து ஒன்றாக இருந்தாலும் இடத்தைப் பார்த்து நாம் மாற்றிச் சொல்லிக்கொள்கிறோம். ஜப்பானியத்தில் அவை இரண்டும் தனித்தனி எழுத்துகள். சிப்பிக்கு ஒரு சொல், திறப்புக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் 'ககி'தான். சிப்பியில் இரண்டாம் எழுத்து 'கல்'லின் ககரம், திறப்பில் 'தங்கை'யின் ககரம். வேறுபடுத்திக் காட்ட 'கக்கி' என்று எழுதினாலோ, உயிர்த்துடிப்பு என்று பொருள்படும் மூன்றாவது சொல் வந்துவிடும்.

ஜப்பானியர் இந்த வேறுபாட்டை எழுத்தின் வலது மேல் மூலையில் இரண்டு சிறு கோடு இட்டுக் காட்டுகிறார்கள். அதன் பெயர் தகுதென், பேச்சில் 'தென்தென்'. அது எல்லா எழுத்துக்கும் வராது. கனா வரிசையைச் சொல்லிப் பாருங்கள்: அ இ உ எ ஒ, பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் அரிச்சுவடியின் ஒழுங்கேதான்! இந்திய எழுத்து முறையைக் கற்ற பௌத்த பிக்குகளின் வழியாக அமைந்த வரிசை அது. பகரம் வரவேண்டிய இடத்தில் ஹகரம் நிற்பதற்கும் காரணம் உண்டு. பழைய ஜப்பானியத்தில் அது பகரமாகவே ஒலித்தது. இப்போது பாருங்கள், தென்தென் விழுவது க, ச, த, ஹ என்ற நான்கு வரிசைகளில் மட்டும். நம் இலக்கணத்தில் சொன்னால், வல்லினத்துக்கு மட்டும். ஹ வரிசைக்குச் சிறு வட்டம் இட்டால் பகர ஒலி வரும். அடிப்படை 46, தென்தென் 20, வட்டம் 5, ஆக 71. இந்தப் படத்தை மனதில் வைத்தால் தமிழ்க் குறிப்பே தேவைப்படாது. ஒலியைக் காதால் கேட்டு நேரடியாக எழுத்தோடு சேருங்கள். வரிசைக்குள் ஒழுங்கு மாறுகிறவற்றை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்: ச வரிசையில் 'ஷி', த வரிசையில் 'ச்சி', 'ட்ஸு', ஹ வரிசையில் 'ஃபு'.

கேள்வி: மதரசாவில் ஓதிப் பழகியவன் நான். ஜப்பானியமும் வலமிருந்து இடமாகத்தான் எழுதுவார்களாமே? சிறிதாக எழுதும் 'ட்ஸு'வும் விளங்கவில்லை. – வாசகர், காத்தான்குடி

பதில்: பாதி சரி. மேலிருந்து கீழாக எழுதும்போது வரிகள் வலமிருந்து இடமாகப் போகும். அப்படி அச்சிட்ட புத்தகம் குர்ஆன் திறக்கும் பக்கமே திறக்கும். கிடையாக எழுதினால் நம்மைப் போல இடமிருந்து வலம்.

சிறிய 'ட்ஸு' உங்களுக்குத் தெரிந்த ஷத்து, அதாவது அரபில் மெய்யை இரட்டிக்கும் குறி, செய்கிற வேலையைச் செய்கிறது. தனக்கென்று ஒலியில்லை. அடுத்து வரும் மெய்யை இரட்டிக்கும். 'கிதெ' என்றால் 'வந்து', 'கித்தெ' என்றால் தபால் முத்திரை. அந்த இடத்தில் ஒரு மாத்திரை நின்று போகவேண்டும். இரட்டிப்பு நம் நாக்குக்குப் பழகியது, உச்சரிப்பில் சிக்கல் வராது. எழுதும்போதுதான் பெரிதாக எழுதிவிட்டு 'கிட்ஸுதெ' ஆக்கிவிடுகிறோம். கிடையாக எழுதினால் எழுத்துக்கான பெட்டியின் இடது கீழ் மூலையில், நெடுக்காக எழுதினால் வலது மேல் மூலையில், மற்ற எழுத்தில் பாதி அளவாக எழுதுங்கள்.

அரபில் உயிரொலியை நீட்டும் மத்து போல நீட்டலும் உண்டு. கட்டகனாவில் ஒரு கோடு போதும். ஹிரகனாவில் உயிரெழுத்தைக் கூட்டவேண்டும். 'ஒபசன்' மாமி, சித்தி முறைப் பெண். நடுவில் நீட்டினால் அம்மம்மா. ஓகார நீட்டலுக்குப் பெரும்பாலும் 'உ'வைத்தான் சேர்ப்பார்கள், 'டோக்கியோ'வில் இரண்டு தடவை. பனிக்கட்டி என்ற 'கோரி' போன்ற சில சொற்களில் மட்டும் 'ஒ' வரும். அவற்றைச் சொல்லோடு சேர்த்தே பாடமாக்குங்கள்.

கேள்வி: ஜப்பானிய மொழித் தேர்ச்சிப் பரீட்சையான ஜே.எல்.பி.ரி.யின் தொடக்க நிலை என்5இல் எழுதத் தேவையில்லை, விடையைத் தெரிவு செய்தால் போதும் என்கிறார்கள். மகளுக்கு எதற்கு எழுத்துப் பயிற்சி? எப்படிப் பழக்குவது? – தகப்பன், திருக்கோவில்

பதில்: ஜே.எல்.பி.ரி. பரீட்சையில் கையால் எழுதும் பகுதி இல்லை என்பது உண்மை. ஆனால் கட்டகனாவில் 'ஷி'யும் 'ட்ஸு'வும், 'ஸொ'வும் 'ன்'னும் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். பிரித்துக் காட்டுவது கை போகும் திசை. 'ஷி', 'ன்' இரண்டிலும் நீளக்கோடு கீழிருந்து வலது மேலே ஏறும், சிறு கோடுகள் இடப்பக்கம் படுத்திருக்கும். 'ட்ஸு', 'ஸொ' இரண்டிலும் நீளக்கோடு மேலிருந்து இடது கீழே இறங்கும், சிறு கோடுகள் உச்சியில் நிமிர்ந்து நிற்கும். எழுதிப் பழகாதவர்கள் வருடக்கணக்கில் இதில் தடுமாறுவார்கள்.

கணக்குக்கு வாங்கும் சதுர றூள் கொப்பி போதும். நான்கு சிறு சதுரத்தை ஓர் எழுத்துக்கான பெட்டியாக எடுங்கள், நடுவில் சிலுவைக்கோடு தானாகவே கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒரு வரிசை, ஐந்து எழுத்து. மூன்று தடவை பார்த்து எழுதட்டும், பிறகு மூடிவிட்டு ஐந்து தடவை. மறுநாள் காலையில் எதையும் பார்க்காமல் முந்திய வரிசையை எழுதச் சொல்லுங்கள். பயிற்சியின் உயிர் அந்தக் காலை எழுத்துதான். நூறு தடவை பார்த்து எழுதினால் கை மட்டும் ஓடும், மனதில் பதியாது. பத்து நாளில் 46 எழுத்தும் முடியும். அடுத்த நான்கைந்து நாள் தென்தென்னுக்கும் வட்டத்துக்கும், பிறகு கட்டகனா.

தமிழ்க் கைக்கு ஒரு பழக்கம், எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் சுழித்து எழுதப் பார்க்கும். ஹிரகனா 'அ'வுக்கு மூன்று இழுப்பு, ஒவ்வொன்றிலும் பென்சிலை எடுக்கவேண்டும். ஆனால் சுழியை எண்ணும் பழக்கம் உதவும். இரண்டு சுழி 'ன', மூன்று சுழி 'ண' பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, 'நு'வுக்குக் கடைசியில் சுழி உண்டு, 'மெ'வுக்கு இல்லை. 'ரு'வுக்கு உண்டு, 'ரொ'வுக்கு இல்லை என்று சொன்னால் பிடிபட்டுவிடும். அச்சில் 'கி', 'ஸ' எழுத்துகளின் கீழ்ப்பகுதி ஒட்டியிருக்கும், கையெழுத்தில் பிரிந்திருக்கும். இரண்டும் சரி.

கேள்வி: மட்டக்களப்பு, அம்பாறை என்ற எங்கள் பக்கத்துப் பெயர்களை எப்படி எழுதுவது? – வாசகி, வாழைச்சேனை

பதில்: வெளிநாட்டுப் பெயர் என்பதால் கட்டகனாவில். மட்டக்களப்பின் ஆங்கிலப் பெயருக்கு ஏழு எழுத்து: தென்தென் இட்ட 'ஹ', சிறிய 'ட்ஸு', 'தெ', சிறிய 'இ', 'க', 'ரொ', 'அ'. 'டி' ஒலிக்குத் தனி எழுத்தில்லாததால் 'தெ'யோடு சிறிய 'இ' சேர்கிறது. ல, ள, ழ, ர, ற எல்லாமே ர வரிசைக்குள் அடங்கவேண்டியதுதான். அம்பாறை நான்கே எழுத்து: 'அ', 'ன்', வட்டம் இட்ட 'ஹ', 'ர'. 'ம்' என்று ஒலித்தாலும் 'ன்' எழுத்தையே போடுங்கள், பகரத்துக்கு முன் அது தானாக மகரமாகிவிடும்.