அம்மோனியா கசிந்தால் மூக்கே சொல்லிவிடுமே, தீயணைப்புத் துறைக்கு வாயு கண்டறியும் தனி வண்டி எதற்கு?

மண்டபம் பக்கம், அம்மோனியாவை வைத்துக் குளிரூட்டும் ஐஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் ஆபரேட்டராக இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், மூக்கை நம்பாதீர்கள்.

லேசாக நெடி அடித்தால் கந்தகத் திரியைக் கொளுத்தி, குழாயின் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் காட்டிக்கொண்டே போவோம். கசிகிற இடத்தில் புகை சட்டென்று பால் மாதிரி வெளுத்துத் திரளும். எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். எவ்வளவு என்று தெரியாது. மூக்கும் அப்படித்தான், போதாததற்குக் கொஞ்ச நேரத்தில் நெடி பழகியும் போகும். எட்டு மணிநேர வேலைக்கு 25 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு) வரை பரவாயில்லை என்பது கணக்கு. 300ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டுமே மூக்குக்கு வெறும் "நெடி"தான்.

ஒரு மார்கழி ராத்திரி எங்கள் கம்பெனியில் வால்வு கிளாண்ட் (வால்வுத் தண்டைச் சுற்றிக் கசியாமல் அடைக்கும் பகுதி) பிய்த்துக்கொண்டது. அம்மோனியா காற்றைவிட லேசானதுதான், ஆனால் குளிர்ந்து வெளியேறும்போது வெள்ளைப் பனியாகத் தரையோடு தவழும். வாடைக்காற்று அதை அப்படியே தெற்குத் தெருக்களுக்குத் தள்ளியது. வந்த தீயணைப்பு வீரர்கள் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு, தண்ணீரைத் திரைபோலப் பீய்ச்சி வாயுவை அமுக்கினார்கள். அருமையான வேலை. ஆனால் எந்தத் தெரு வரைக்கும் ஆட்களைக் கிளப்ப வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. முனைக்கு முனை மோந்து பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். கைக்குழந்தையோடு ரோட்டில் நின்ற மதினி, "உள்ள போகலாமா தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பதிலுக்குத்தான் இந்த வண்டி. ஜெர்மனியில் ஃபியட் டுகாட்டோ வேனிலேயே இதைச் செய்திருக்கிறார்கள். நான்கு பேர் குழு, ஓடும்போதே வாயுவையும் கதிர்வீச்சையும் அளந்து, எந்த இடத்தில் எவ்வளவு என்று ஜிபிஎஸ் வைத்துக் குறித்துக்கொண்டே போகும். இது மாதிரி குழுக்கள் கையில் வைத்திருக்கும் இன்னொரு கருவி ராமன் ஸ்பெக்ட்ரோமீட்டர். கண்ணாடி பாட்டிலைத் திறக்காமலே லேசரைப் பாய்ச்சி உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்டுபிடித்த விளைவுதான் அதற்கு அடிப்படை. லேபிள் அழிந்த கேன் கரை ஒதுங்கும் நம் ஊருக்கு அது எவ்வளவு உதவும்!

ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி கேட்கவில்லை. மாவட்டத்துக்கு ஒன்று போதும். அதற்கு முன்னால், கடலோரத் தீயணைப்பு வண்டி ஒவ்வொன்றிலும் கையடக்க வாயு மீட்டர் ஒன்று இருக்க வேண்டும். அம்மோனியாவுக்கு மட்டுமில்லை. விசைப்படகின் மீன் அறையில் மீன் அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும், 100 பிபிஎம் வாக்கில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று இறங்குபவர் மயங்கி விழ, தூக்க இறங்குபவரும் விழுவார். மீட்டரைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்குங்கள். அது இல்லாத படகில் யாரும் குதிக்காமல் 101க்கோ 112க்கோ அடியுங்கள்.