இளநிலைக் கல்லூரியில் ஆராய்ச்சி நிதி: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். முதுகலை கூட இல்லாத துறை. அங்கே இருந்துகொண்டே ஐந்து ஆராய்ச்சித் திட்டங்கள் வாங்கினேன். நான்கு ஒழுங்காக முடிந்தன. ஐந்தாவதின் ஆய்வு முடிந்தது, கணக்கு முடிய மேலும் மூன்று வருடம் ஆயிற்று. அதனால் எந்தக் கேள்விக்கும் நடுவில் கணக்கைப் பற்றிப் புலம்புவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரிக்கு 2(எஃப்) இருக்கிறது, 12(பி) இல்லை. நிதிக்கு விண்ணப்பிக்கலாமா மேடம்?

அந்த இரண்டும் 1956-ஆம் ஆண்டு யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் பிரிவுகள். 2(எஃப்) என்பது அங்கீகாரம், 12(பி) என்பது மானியம் பெறும் தகுதி. 12(பி) இல்லையென்றால் யூஜிசி பணம் வராது. மற்ற நிறுவனங்களுக்கு அவரவர் விதி. உங்கள் கல்லூரியின் அங்கீகாரத்தைவிட உங்கள் நியமன ஆணையை முதலில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான திட்டங்களில் ‘நிரந்தரப் பணி’ என்று ஒரு வரி இருக்கும். கௌரவ விரிவுரையாளர்களை அந்த ஒரு வரி வெளியே நிறுத்திவிடும். அநியாயம்தான், ஆனால் விண்ணப்பம் எழுதி முடித்த பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல்.

கேள்வி: யூஜிசி மைனர் புராஜெக்ட் அறிவிப்பு எப்போது வரும்?

12-வது ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்தது. கல்லூரி ஆசிரியர்களின் சிறு ஆய்வுகளுக்குப் பணம் தந்த அந்தப் பழைய மைனர் புராஜெக்ட்டும் அதோடு போயிற்று. காத்திருக்காதீர்கள்.

கேள்வி: இயற்பியல் துறை, தென்மாவட்டம். வாரம் 16 மணி நேர வகுப்பு. ஆய்வகத்தில் பி.எஸ்சி. செய்முறைக்கான சாமான்தான் இருக்கிறது. இதில் எங்கே ஆராய்ச்சி?

உங்கள் கட்டடத்துக்குள்ளேயே எல்லாம் நடக்க வேண்டும் என்று யார் சொன்னது?

டேர் (TARE) என்று ஒரு திட்டம், எஸ்இஆர்பி என்ற மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி வாரியம் 2017-இல் கொண்டுவந்தது. உங்கள் வேலையை விடாமல், ஆண்டுக்குக் குறைந்தது 90 நாள் ஐஐடி, தேசிய ஆய்வகம் மாதிரி ஓர் இடத்தில் போய் வேலை செய்யலாம். ஆராய்ச்சிப் பணத்தில் பாதி அவர்களுக்கு, பாதி உங்கள் கல்லூரிக்கு. எஸ்இஆர்பி இப்போது 2023 சட்டப்படி வந்த ஏஎன்ஆர்எஃப் என்ற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. ஆகவே பழைய பிடிஎஃப்-ஐ நம்பாமல் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படியுங்கள். வானியல் பக்கம் நாட்டம் என்றால் புனேவில் ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையம் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர்களை வருகை இணையாளராக மூன்று வருடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பொருளறிவியல் என்றால் யூஜிசியும் அணுசக்தித் துறையும் சேர்ந்த யூஜிசி-டிஏஇ கூட்டமைப்பின் கல்பாக்கம் மையம். இதில் எதற்கும் இதுவரை பழக்கம் இல்லையென்றால், மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கையில் தொடங்குங்கள். அது மாணவர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், ஆசிரியர்களுக்கும் உண்டு.

ஆனால் 90 நாளை எங்கிருந்து எடுப்பீர்கள்? மே மாதம் விடைத்தாள் திருத்தப் போய்விடும். ‘ஆன் டியூட்டி’ தருவார்களா என்று முதல்வரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை முதல்வர் மாறும்வரைதான் செல்லும்.

கேள்வி: துளசி இலைச்சாற்றில் வெள்ளி நானோ துகள் தயாரித்து பாக்டீரியாவைக் கொல்லும் திறன் பார்க்கலாம் என்றிருக்கிறேன். முன்மொழிவு எப்படி எழுதுவது?

தம்பி, வேண்டாம். துளசி, வேம்பு, ஆவாரை, முருங்கை என்று தோட்டத்தில் உள்ள எல்லா இலையையும் நம் ஆட்கள் அரைத்து முடித்துவிட்டார்கள். மதிப்பீட்டாளர் தலைப்பைப் பார்த்ததுமே அடுத்த கோப்பை எடுப்பார்.

பெரிய ஆய்வகத்திடம் இல்லாத எது உங்களிடம் இருக்கிறது என்று யோசியுங்கள். தர்மபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், எல்லோருக்கும் தெரியும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம், வேறு நீரே இல்லாவிட்டால் 1.5 வரை என்று இந்தியத் தரநிலை சொல்கிறது. இப்போது அந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் 40 பேர், 40 ஊர். வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் கொடுங்கள். கண்ணாடி வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். திங்கட்கிழமை காலை 40 கிணற்றுத் தண்ணீர் மேசை மேல் இருக்கும், எந்தத் தெரு, எத்தனை அடி ஆழம் என்ற விவரத்தோடு. ஒரு ஃபுளோரைடு மின்முனை, ஒரு மீட்டர், பஃபர் கரைசல் போதும். கோடையில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவை, இப்படி மூன்று வருடம் எடுத்தால் வேறு யாரிடமும் இல்லாத தரவு உங்களிடம் சேரும். முன்மொழிவில் அதை எழுதுங்கள். மாணவர்கள் சுமை என்கிற தொனி ஒரு வரியில்கூட வரக் கூடாது, அவர்கள்தான் உங்கள் கருவி.

எழுதத் தொடங்கும் முன் அலுவலகத்துக்குப் போய்க் கணக்கரிடம் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். மத்திய அரசு பணம் அனுப்பும் பிஎஃப்எம்எஸ் தளத்தில் கல்லூரி பதிவாகியிருக்கிறதா, யார் உள்ளே நுழைந்து தட்டுவது என்று கேளுங்கள். அவர் முழித்தால் உங்களுக்கு இரண்டு வேலை.

கேள்வி: யூவி நிறமாலைமானி வாங்க எவ்வளவு கேட்கலாம்?

வாங்காதீர்கள். ஐஐடி மெட்ராஸில் வெளியாருக்கும் சோதித்துத் தரும் கருவி மையமான எஸ்ஏஐஎஃப்-க்கு மாதிரியை அனுப்புங்கள், ஆய்வுக் கருவிகளைப் பட்டியலிடும் ஐ-ஸ்டெம் தளத்தில் பக்கத்தில் எங்கே கருவி இருக்கிறது என்று தேடுங்கள்.

ஈரோட்டு ஆசிரியர் ஒருவர்: இதை ஏற்க மாட்டேன் மேடம். என் பிள்ளைகள் அந்தக் கருவியைப் புத்தகப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். கூரியரில் பொடியை அனுப்பி, மின்னஞ்சலில் கிராஃப் வாங்கினால் அதில் அவர்கள் என்ன கற்பார்கள்?

நியாயமான கேள்வி. ஆனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு கல்லூரியில் அப்படி வாங்கிய கருவி, வெல்வெட் துணி போர்த்தி மூலையில் இருந்தது. டியூட்டீரியம் விளக்கு தீர்ந்துவிட்டது. திட்டமும் முடிந்துவிட்டது. விளக்கு வாங்க எந்தச் செலவுத் தலைப்பிலும் பணம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜையன்று துணியை எடுத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி மூடுவார்கள். உங்கள் பிள்ளைகள் அதில் கற்பது பொட்டு வைக்க.

ஈரோட்டு ஆசிரியர்: விளக்கு தீர்ந்தது நிர்வாகத்தின் குறை. அதற்காகக் கருவியே வேண்டாம் என்பதா? நகரத்துப் பிள்ளை தொட்டுப் பழகுவதை எங்கள் பிள்ளை ஏன் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும்?

சரி, இந்த இடத்தில் நீங்கள் என்னை மடக்கிவிட்டீர்கள். தொட வேண்டும், கெடுக்கவும் வேண்டும், கெடுத்தால்தான் கற்க முடியும். அப்படியானால் கெடுத்தாலும் நம்மால் சரிசெய்ய முடிகிற கருவியாக வாங்குவோம். நிறமானி, பிஹெச் மீட்டர், கடத்துத்திறன் மீட்டர். நிறமானியைக் கழற்றினால் உள்ளே விளக்கு, வடிகட்டி, ஒளியுணரி, அவ்வளவுதான். நிறமாலைமானிதான் வேண்டுமென்றால், அதே முன்மொழிவில் உதிரி விளக்கையும் யூபிஎஸ்-ஐயும் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கருவியின் விலையை மட்டும் எழுதாதீர்கள்.

இன்னொருவர்: கல்லூரிக்குத் தரமிடும் நாக் குழு வரும்போது காட்டக் கருவி வேண்டும் என்கிறார் எங்கள் செயலர்.

அப்படியானால் துணியும் நல்லதாக வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தமிழ்த்துறைக்கு என்ன வாய்ப்பு மேடம்?

என் துறை இல்லை. சென்னையில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் குறுங்காலத் திட்டங்கள் தருகிறது. சமூகவியல், பொருளாதாரம் பக்கம் சாய்ந்த தலைப்பு என்றால் ஐசிஎஸ்எஸ்ஆர் என்ற சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு.

கேள்வி: கணிதம். எங்களுக்குக் கருவியே வேண்டாம், எதைக் கேட்பது?

மேட்ரிக்ஸ் (MATRICS) என்ற நிதித் திட்டத்தைத் தேடுங்கள், உங்களைப் போன்ற கணிதக்காரர்களுக்காகவே வந்தது. பயணமும் புத்தகமும் கேளுங்கள்.

கேள்வி: யூஜிசி மைனர் புராஜெக்ட்டுக்கு இப்போது விண்ணப்பிக்கலாமா?

மேலே போய்ப் படியுங்கள்.

கேள்வி: மார்ச் மாதம்தான் பணம் வந்தது. 31-க்குள் செலவழித்துவிட வேண்டுமா?

பதறி வாங்காதீர்கள். மார்ச் 28-ஆம் தேதி வாங்கிய பொருளைத் தணிக்கையாளர் முதலில் எடுப்பார். மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுங்கள். செலவுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ், நாம் யூசி என்கிறோமே, ஜிஎஃப்ஆர் (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவம், அதை அனுப்புங்கள். முதல்வர் கையெழுத்து, தணிக்கையாளர் கையெழுத்து, முத்திரை. தலைப்பு மாற்றிச் செலவழிக்காதீர்கள். வேதிப்பொருள் பணத்தில் பிரிண்டர் வாங்கிவிட்டு ‘அப்புறம் சரிசெய்யலாம்’ என்பவர்களுக்கு அந்த அப்புறம் வருவதே இல்லை.

கேள்வி: மைனர் புராஜெக்ட் பழைய படிவம் இருந்தால் அனுப்ப முடியுமா மேடம்?

முடியாது.

ஈரோட்டு ஆசிரியர்: போகும் முன் ஒன்று. அந்த ஐந்தாவது திட்டத்தின் கணக்கு ஏன் மூன்று வருடம் இழுத்தது?

வட்டி. திட்டப் பணத்தைக் கல்லூரி சேமிப்புக் கணக்கில் போட்டோம். அதற்கு 2,316 ரூபாய் வட்டி வந்தது. மானியத்தில் வரும் வட்டி அரசுக்குச் சொந்தம், திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஜிஎஃப்ஆர் 2017-இன் 230-வது விதியில் இருக்கிறது. எனக்குத் தெரியாது, கணக்கருக்கும் தெரியாது. அவர் அதைக் கல்லூரிப் பொதுக் கணக்குக்கு மாற்றிவிட்டார். யூசி திரும்பி வந்தது. பொதுக் கணக்கிலிருந்து எடுக்க நிர்வாகக் குழு தீர்மானம் வேண்டும் என்றார்கள். குழு கூடவில்லை, கூடியபோது இந்தப் பொருள் பட்டியலில் இல்லை. கடைசியில் நானே கைக்காசைப் போட்டு, மத்திய அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் தளத்தில் கட்டினேன். ரசீது இன்னும் என் பீரோவில் இருக்கிறது, ஓய்வூதிய ஆணைக்கு மேலே.