குளிர்ப் பிரதேச ஒயின் என்றால் என்ன? டாஸ்மேனியா ஏன் அதற்குப் பேர்போனது?

கோடையிலும் வெயில் மிதமாக இருக்கும் இடத்தில் விளைந்த திராட்சையில் செய்வதுதான் குளிர்ப் பிரதேச ஒயின். ஆஸ்திரேலியாவின் தெற்கே, 40 டிகிரி அட்சரேகைக்கும் கீழே உள்ள டாஸ்மேனியாவைச் சுற்றிக் குளிர்ந்த கடல். அதனால் அங்கே பழம் மெதுவாகத்தான் பழுக்கும்; சர்க்கரை ஏறும், ஆனால் புளிப்பு முழுக்கப் போய்விடாது. செங்காய் மாங்காய் தின்றவர்களுக்கு அந்த ருசி புரியும். பினோ நுவார், ஷார்டனே ஆகிய இரண்டு திராட்சைகளும் இந்தக் குளிரில் அருமையாக வருகின்றன. நுரை பொங்கும் ஒயினுக்கும் இவைதான் அடிப்படை. அப்புறம், டாஸ்மேனியாவை ஒட்டிய புரூனி தீவுப் பக்கம் அதே கடலில் வளர்க்கும் சிப்பி! அதன் உப்புக்கு இந்தப் புளிப்பு சரியான ஜோடி, என்னைக் கேட்டால் சீஸைவிட.

கொடியிலேயே உறைந்துபோன திராட்சையைப் பிழிந்து செய்யும் ஐஸ் ஒயினோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது தித்திப்பான வேறு வகை.