டால்ஹவுஸ் கிட் கைக்கு வந்துவிட்டது, எங்கே தொடங்குவது?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அக்கா ஊருக்கு வந்தபோது ஒரு டால்ஹவுஸ் கிட் கொண்டுவந்தார். ப்ளைவுட், 1:12 அளவு. பெட்டியைத் திறந்தால் பலகைகளும் ஒரு விளக்கப் புத்தகமும்தான் இருக்கின்றன. இப்படி எதையும் நான் செய்ததில்லை. ஒட்டிவிட்டுப் பெயின்ட் அடிப்பதா, அடித்துவிட்டு ஒட்டுவதா? உள்ளே விளக்கு போடவும் ஆசை. முடித்ததும் என் எட்டு வயது மகள் அதை வைத்து விளையாடலாமா? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை முடிவு செய்யாமல் மற்றதைத் தொட முடியாது.

1:12 என்றால் நிஜ வீட்டின் ஓர் அடி இங்கே ஓர் அங்குலம். ஏழடிக் கதவு ஏழு அங்குலம். ஐந்தரை அடி ஆள் ஐந்தரை அங்குலம். மகளிடம் இருப்பது பார்பி என்றால் அதன் உயரம் சுமார் 29 செ.மீ. எட்டு அங்குல, அதாவது 20 செ.மீ. உயர அறைக்குள் அதை நிறுத்தவே முடியாது. இந்த அளவுக்கென்று வரும் சின்ன பொம்மைகள்தான் சரிப்படும். எட்டு வயதுக் குழந்தை தாராளமாக விளையாடலாம். ஆனால் மாடிப்படிக் கைப்பிடி, ஜன்னலின் குறுக்குச் சட்டம் மாதிரியான தீக்குச்சி கனத்துத் துண்டுகள் உடையத்தான் செய்யும். அவற்றை ஒட்டாமலே விட்டுவிடலாம், அல்லது உடைந்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளலாம். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் மட்டும் இது எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும். சின்னத் துண்டுகள் எல்லாம் வாய்க்குத்தான் போகும்.

இனி உங்கள் முதல் கேள்வி. அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லும் சோதனை ஒன்று உண்டு: ஒட்டிய பிறகு அந்த இடத்துக்குக் கை போகுமா? போகாது என்றால் அங்கே செய்ய வேண்டிய வேலையை எல்லாம் ஒட்டும் முன்பே முடியுங்கள். போகும் என்றால் அவசரமில்லை. மாடிப்படியின் அடிப்பக்கம், கூரைக்குக் கீழே உள்ள பரண் மூலை, கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவர், இதெல்லாம் கை போகாத இடங்கள். வெளிச்சுவரும் கூரையும் எப்போது வேண்டுமானாலும் எட்டும். இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டையில் இருக்கும் ராணி மேரியின் பொம்மை வீடும் 1:12தான். நம் டெல்லி ராஷ்டிரபதி பவனை வடிவமைத்த லட்யன்ஸ்தான் அதையும் வடிவமைத்தார், 1921க்கும் 1924க்கும் இடையில். அதில் வெளிச்சுவர்க் கூட்டை அப்படியே மேலே தூக்கிவிடலாம், உள்ளே எல்லா அறையும் திறந்துகொள்ளும். அவருக்கும் இதே கவலைதான் இருந்திருக்கும். நம் கிட்டில் அந்த வசதி இல்லை, அதனால் வரிசையில்தான் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டும்.

முதல் நாள் பசையைத் தொடவே வேண்டாம். கிரீன்லீஃப் போன்ற நிறுவனங்களின் கிட்டுகளில் மெல்லிய ப்ளைவுட் தகடுகளில் துண்டுகளை அச்சால் வெட்டி, தகட்டிலேயே விட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பெயர்த்துக் குவித்தால் எது எந்தத் துண்டு என்று கண்டுபிடிப்பதற்குள் ஆசையே போய்விடும். புத்தகத்தில் தகட்டுப் படம் இருக்கும். அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். அன்றைக்குத் தேவையான துண்டுகளை மட்டும் பெயர்த்து, பின்னால் மறையப்போகும் பக்கத்தில் பென்சிலால் எண்ணை எழுதுங்கள். பேனா வேண்டாம், மை பெயின்ட்டுக்கு மேலே ஊறி வரும்.

பெயர்ப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. அச்சு சில இடங்களில் மறுபக்கம் வரை இறங்கியிருக்காது. அங்கே கையால் அழுத்தினால் மேல் ஏடு சிலும்பாகக் கிழிந்து வரும். தகட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தெரியும் கோட்டின் மேல் கட்டர் கத்தியை இரண்டு மூன்று தடவை மெதுவாக ஓட்டுங்கள், துண்டு தானாகக் கழன்றுவிடும். எதுவும் பிளந்துவிட்டால் பதற்றமே வேண்டாம்: பிளவுக்குள் பல்குச்சியால் பெவிகால் தடவி, மாஸ்கிங் டேப் சுற்றி ஓர் இரவு வைத்தால் சேர்ந்துவிடும். துண்டு போன பிறகு மிஞ்சும் ஓட்டைத் தகட்டையும் தூக்கிப் போடாதீர்கள். பெயின்ட், பசை, ஸ்டெயின் (மரத்துக்கு ஏற்றும் சாயம்) எதையும் முதலில் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது, அதே மரம்தானே.

அடுத்து உப்புத்தாள். 120 எண் தாளில் ஓரத்துச் சிலும்பை எடுத்து, அதைவிட நைஸான 220இல் பரப்பை வழித்து விடுங்கள். ஹார்ட்வேர் கடையில் எண்ணைச் சொன்னால் கொடுப்பார்கள். இந்த வேலையில் மகளையும் சேர்த்துக்கொள்ளலாம். மாஸ்க் போட்டுக்கொண்டு, பால்கனியில்.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த கட்டம். பசை இல்லாமல், மாஸ்கிங் டேப்பை மட்டும் வைத்து வீட்டை முழுசாக ஒரு தடவை நிறுத்துங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அப்புறம் மூன்றாவது சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள். தரைப்பலகை, சுவர்கள், மாடித்தளம், கூரை எல்லாம் நாக்கும் (பலகை ஓரத்தில் நீட்டி நிற்கும் துண்டு) துளையுமாகப் பொருந்துகின்றனவா பாருங்கள். நாக்கு நுழையவில்லை என்றால் அடித்து இறக்காமல், துளையை நகம் தேய்க்கும் அரத்தால் கொஞ்சம் தேய்த்து விடுங்கள். மூலைமட்டம் வைத்துச் சுவர் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். தரையில் அரை டிகிரி சாய்ந்தால் கூரையில் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி வரும். அப்படியே நிறுத்தி வைத்து, அறை அறையாகக் கையை விட்டுப் பாருங்கள். எங்கே கை நிற்கிறது, எங்கே விரல் மட்டும் போகிறது, எங்கே எதுவுமே போகவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைத் திட்டம் முழுக்க அந்தக் குறிப்பில் வந்துவிடும். பிரிப்பதற்கு முன் போனில் நாலா பக்கமும் படம் எடுங்கள். எந்தச் சுவர் எந்தத் தளத்தை எங்கே தொடுகிறதோ, அங்கே பென்சில் கோடு போடுங்கள். சுவர்த்தாள் வெட்டும்போது உதவும்.

விளக்கு வேண்டும் என்றால் இப்போதே முடிவெடுங்கள். வெளிநாட்டு 1:12 வீடுகளில் 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரும், சுவரில் ஒட்டும் செப்பு டேப்பும் பழைய வழக்கம். முதல் வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். வயர் கோத்த 3 வோல்ட் எல்.ஈ.டி. பல்புகளும், மூடியை ஸ்க்ரூ போட்டு மூடும் பேட்டரிப் பெட்டியும் போதும். கீழ் அறை விளக்கின் வயரைத் தளத்தில் ஒரு சின்னத் துளை போட்டு மேலே ஏற்றி, மேல்தளத்தின் தரையடியில் பின்பக்கம் வரை கொண்டுவந்துவிடலாம். வயர் படுக்க ஒரு மெல்லிய வாய்க்கால் கீறிவிட்டால் மேலே போடும் தரை மேடு தட்டாது. வாய்க்காலை மூடும் முன் எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்! பொத்தான் பேட்டரி போடும் விளக்குகளை மட்டும் குழந்தை இருக்கும் வீட்டில் நான் சிபாரிசு செய்வதில்லை. விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடக்கூடிய சமாசாரம் அது. ஏ.ஏ. பேட்டரியே நல்லது.

பெயின்ட்டில் முதல் எதிரி வளைவு. மெல்லிய ப்ளைவுட்டின் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் கலந்த பெயின்ட் அடித்தால் பலகை அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். இரண்டு பக்கமும் பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) அடியுங்கள், மெல்லிய பூச்சாக, ஒன்றன்பின் ஒன்றாக. காய்ந்ததும் பலகைகளுக்கு இடையில் பட்டர் பேப்பர் வைத்து, தடித்த புத்தகங்களை மேலே ஏற்றிவிடுங்கள். மழைக்காலமாக இருந்தால் காயும் நேரத்தை இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிக்கும் முன் நாக்குகளின் மேலும் துளைகளின் ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்ட மறக்க வேண்டாம். இரண்டு பூச்சு ஏறினால் துளை அவ்வளவு குறுகும், முன்பு பொருந்தியது இப்போது பொருந்தாது. பெவிகாலும் வெறும் மரத்தில்தான் நன்றாகப் பிடிக்கும். மர நிறம் தெரியும்படி ஸ்டெயின் போட நினைத்தால் அதை ஒட்டும் முன்பே போட்டாக வேண்டும். பசை பட்ட இடத்தில் ஸ்டெயின் ஏறாமல் வெள்ளைத் திட்டாக நிற்கும்.

சுவர்த்தாளும் இந்தக் கட்டத்தில்தான். நீங்களே டிசைன் பிரிண்ட் எடுப்பதாக இருந்தால் லேசர் பிரிண்டரில் எடுங்கள். இங்க்ஜெட் மை ஈரப் பசை பட்டதும் கசியும். முதலில் நியூஸ்பேப்பரில் அறை அளவுக்கு மாதிரி வெட்டி, ஜன்னல் துளையோடு பொருத்திப் பார்த்த பிறகு நல்ல தாளை வெட்டுங்கள். பிரைமர் அடிக்காத மரத்தின் மேல் தாளை ஒட்டினால் நாளாக ஆக மஞ்சளடிக்கும். மைதா பசை காய்ச்சி ஒட்டலாமே என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் அன்பாக மறுத்துவிடுங்கள். கரப்பானுக்கும் தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. போஸ்டருக்குத்தான் சரி.

ஒட்டும் வேலை வரும்போது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும். சாதா வெள்ளைப் பெவிகால் போதும், அது தரும் நிதானம்தான் அதன் பலம்: சில நிமிடங்கள் நகர்த்திச் சரிசெய்யலாம். பெவிக்விக் அந்த அவகாசம் கொடுக்காது, அதைச் சின்ன அலங்காரத் துண்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு ஹாட் குளூ வேண்டவே வேண்டாம். அது கட்டியாக நின்று இணைப்பை இறுக விடாது, ஏப்ரல் வெயிலில் இளகவும் செய்யும். பிதுங்கி வரும் பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள், மாஸ்கிங் டேப்பால் கட்டுங்கள், மூலைமட்டத்தை இன்னொரு முறை வையுங்கள், மறுநாள் வரை தொடாதீர்கள்.

கூரைக்கு மர ஓடுகள் வந்திருந்தால் கீழ் ஓரத்திலிருந்து மேலே, பென்சில் கோட்டுக்குக் கோடு. இங்கே மட்டும் பெவிகால் வேண்டாம், அதன் ஈரத்தில் ஓடுகள் சுருண்டு எழும். பெவிபாண்ட் மாதிரி ரப்பர் பசையை ஜன்னலைத் திறந்துவைத்துப் பயன்படுத்துங்கள். ஜன்னலின் பிளாஸ்டிக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் கடைசி. முன்கூட்டியே போட்டால் பெயின்ட்டும் பசையும் அதன் மேல் தெறிக்கும்.

மேஜை நாற்காலியை இப்போதே ஆன்லைனில் ஆர்டர் செய்துவிடாதீர்கள். கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் ரோபோடைம் நிறுவனத்தின் ரோலைஃப் மாதிரியான அறைக் கிட்டுகள் பல 1:24 ஒட்டிய அளவு, உங்கள் வீட்டுக்குப் பாதி. ஸ்கேலை எடுத்து நாற்காலி உட்காரும் பலகையின் உயரத்தைப் பாருங்கள்: ஒன்றரை அங்குலம் இருந்தால் உங்களுக்கானது, முக்கால் அங்குலம் என்றால் விட்டுவிடுங்கள்.